கேமரா நிற்க ஓர் இடம் வேண்டும்

ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையம் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டது. ஆனாலும் அங்கே இன்றுவரை விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, கணினித் திரையில். எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆகியவற்றில் ரசிகர்கள் அந்த நிலையத்தை மறுபடி கட்டியெழுப்பி, 13-ஆம் எண் ஓடுபாதையில் ஜம்போ விமானத்தை இறக்கி, வீடியோவாகவும் வெளியிடுகிறார்கள்.

அந்த ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்க வழியில்லை, குறுக்கே மலை. அதன் சரிவில் பெரிய பெரிய கட்டங்கள் தீட்டப்பட்டிருக்கும். விமானி அந்தக் கட்டங்களை நோக்கியே பறந்துவந்து, கடைசி நேரத்தில் வலப்பக்கம் சுமார் 47 டிகிரி திரும்ப வேண்டும். தானியங்கிக் கருவியை நம்ப முடியாது. கண்ணும் கையும்தான் துணை. கவுலூன் நகரத்து மொட்டைமாடிகளின் மேலே தாழ்ந்து, கடலுக்குள் நீளும் ஓடுபாதையைப் பிடித்தாக வேண்டும்.

இவ்வளவு பதற்றம் நிறைந்த திருப்பத்தைப் பெரும்பாலான வீடியோக்கள் எங்கிருந்து காட்டுகின்றன? விமானத்தின் வாலுக்குப் பின்னால், அந்தரத்தில் மிதக்கும் கேமராவிலிருந்து. விமானம் திரையின் நடுவில் அசையாமல் நிற்க, ஊர் மட்டும் அடியில் சுழல்கிறது. திருப்பத்தின் உயிரே போய்விடுகிறது.

ஜம்போ விமானமான போயிங் 747-400 சுமார் 70 மீட்டர் நீளம். இறங்கும்போது அதன் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல். அதாவது ஒவ்வொரு நொடியும் தன் உடல் நீளத்தைக் கடக்கிறது. கேமராவும் அதே வேகத்தில் கூடவே ஓடினால் இது எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? வேகம் புலப்பட வேண்டுமானால், ஏதோ ஒன்று நின்றாக வேண்டும்.

சினிமாக்காரர்களுக்கு இது மௌனப் படக் காலத்திலேயே தெரியும். 1927-இல் வெளியான ‘விங்ஸ்’ படத்துக்காக இயக்குநர் வில்லியம் வெல்மன் படப்பிடிப்பை நிறுத்திவைத்து மேகம் வரக் காத்திருந்தார். 1930-இல் வந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்துக்காக ஹவர்ட் ஹியூஸும் அப்படியே காத்திருந்தார். பின்னணியில் மேகம் இல்லாத வெறும் நீலத்தில் விமானம் பறப்பதாகவே தோன்றாது. அவர்களுடைய கேமராவுக்கு எடை இருந்தது. அதை எங்காவது பொருத்த வேண்டும், யாராவது அதைத் தாங்க வேண்டும். சிமுலேட்டரின் கேமராவுக்கு எடையே இல்லை. எங்கும் போகலாம் என்பதாலேயே அது எங்கும் நிற்பதில்லை.

கை டாக்கில் கேமரா நிற்பதற்கு அருமையான இடங்கள் உண்டு. காக்பிட்டின் இடது இருக்கை ஒன்று. திருப்பம் வலப்பக்கம் என்பதால், கேப்டன் துணை விமானியைத் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் ஓடுபாதையைத் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் நாடகம். வலது இறக்கையை ஒட்டிய பயணி ஜன்னல் இன்னொன்று. முழுதாக இறங்கிய ஃப்ளாப்புகள், சாய்ந்த இறக்கை நுனிக்குக் கீழே கடந்துபோகும் மாடிகள். கவுலூன் மொட்டைமாடியில் மனிதக் கண் உயரத்தில் வைத்த கேமராவும் அப்படித்தான். கட்டடங்களின் இடுக்கிலிருந்து விமானம் திடீரென்று வெளிப்பட்டு, தலைக்கு மேலே கடந்து மறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓடுபாதையின் நேர்க்கோட்டில், தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுக்கும் ஷாட். ஜூம் செய்யும்போது பின்னால் இருக்கும் மலை விமானத்தின் முதுகை ஒட்டி நிற்பதுபோல் நெருங்கி வந்துவிடும். குறுக்குக் காற்றில் மூக்கு ஒரு திசையும் போக்கு ஒரு திசையுமாக விமானம் நண்டுபோல் நகர்ந்து வருவதும் இங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். சக்கரம் இறங்குவதையோ என்ஜின் அமைப்பையோ விளக்க வேண்டுமென்றால் மிதக்கும் கேமரா உதவும், மறுக்கவில்லை. திருப்பத்துக்கு அது வேண்டாம்.

திருப்பம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் நாலைந்து ‘கட்’ போடுபவர்கள், பார்ப்பவரின் மூச்சை நாலைந்து முறை அறுக்கிறார்கள். ஒலியும் கேமரா நிற்கும் இடத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மாடியில் நிற்கிறவருக்குக் காக்பிட்டின் உயர அறிவிப்பு எப்படிக் கேட்கும்?

இந்த வீடியோக்களுக்கு வரும் விமர்சனம் பெரும்பாலும் இறக்கம் மெத்தென்று இருந்ததா, விமானத்தின் வண்ணப்பூச்சு அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. அவை விமானிக்கும் மென்பொருளுக்கும் உரிய கேள்விகள். கேமராவை எங்கே வைப்பதென்று முடிவெடுத்தவரிடம் யாரும் பேசுவதில்லை. “நன்றாக இல்லை” என்று சொல்வதால் அவருக்குப் பயனில்லை. “கட்டங்கள் கண்ணில் பட்டதும் காக்பிட்டிலிருந்து வெளியே தாவிவிட்டீர்கள், அங்கே மலையைத் தொலைத்தேன், இறக்கைகள் சமநிலைக்கு வரும்வரை உள்ளேயே இருங்கள்” என்று சொன்னால் அவர் அதைச் செய்து பார்க்க முடியும். பதிவான அதே இறக்கத்தை ரீப்ளேயில் ஓடவிட்டு, கேமராவை மட்டும் மாற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். வெல்மனுக்குக் கிடைக்காத வசதி அது.