குட்டி போட்ட பூனை

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைபவரைக் கண்டால் ‘குட்டி போட்ட பூனை போல’ என்று கூறுவது நம் வழக்கு. ஆனால் அந்தப் பூனை ஏன் அலைகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அதற்கு விடை கூறும் சிறு முயற்சியே இக்கட்டுரை. இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

எங்கள் வீடு கடலூர் முதுநகரில் உள்ளது. மீன் வந்து இறங்கும் ஊரில் பூனைக்குப் பஞ்சமில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தி, எலித் தொல்லை தாங்காமல் இரண்டு குட்டிகள் கேட்டிருந்தார். குட்டிகளுக்கு அப்போது மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. “பால்குடி மறக்காத குட்டிடா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார் ஆயா. நான் கேட்கவில்லை. தாய்ப்பூனை வெளியே போன நேரம் பார்த்து, இரண்டு குட்டிகளை ஒயர்கூடையில் வைத்துத் துண்டால் மூடிப் பேருந்து ஏறிவிட்டேன்.

சித்தி வீட்டில் பசும்பாலைப் பாலாடையில் புகட்டினோம். மறுநாளே வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் ஒன்றும் ஐந்தாம் நாள் மற்றொன்றும் இறந்தன. கடலூரிலோ தாய்ப்பூனை இரண்டு நாள் பரணுக்கும் வாசலுக்குமாகக் கத்திக்கொண்டே அலைந்தது. பிறகு எஞ்சிய இரண்டையும் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது. ஆயா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரும் தண்டனையாக இருந்தது.

தாய் செய்யும் பணி

வைணவ சமயத்தில் அடைக்கலத்தை விளக்க இரண்டு நியாயங்கள் கூறுவர். குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும். இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ எதுவும் செய்யாது, தாயே கவ்விச் செல்லும்; இது மார்ஜார நியாயம். முன்னது வடகலையார்க்கும் பின்னது தென்கலையார்க்கும் உரியது என்பர். கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் வடகலையாரின் பேராசான் என்பது யாவரும் அறிந்ததே. சமயப் பெரியோர் உவமையாகக் கண்ட அந்த உண்மையை விலங்கியலும் உறுதி செய்கிறது.

பூனை சினையாக இருக்கும் காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள்கள். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, காது கேளாது, தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாது. 7 முதல் 14 நாள்களுக்குள் கண் திறக்கும். முதல் மூன்று வாரங்களில் சிறுநீர், மலம் கழிப்பதுகூடத் தானாக நடப்பதன்று. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் கழியும். தாய் நக்குவது வெறும் கொஞ்சல் என்றே நான் நினைத்திருந்தேன்!

பிறந்த முதல் நாளின் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உள்ளன. பசும்பால் இதற்கு ஈடாகாது. பூனைப் பாலைவிடப் பசும்பாலில் புரதம் குறைவு; பால் சர்க்கரை மிகுதி. அது செரிக்காமல்தான் பேதியாகிறது. சின்னஞ்சிறு உடலில் நீர் வற்றிவிட்டால் பிழைப்பது அரிது. சித்தி வீட்டில் நேர்ந்தது இதுவே என்று பின்னரே உணர்ந்தேன்.

எட்டு வாரக் கணக்கு

நான்காம் வாரத்தில் குட்டி திட உணவைச் சுவைக்கத் தொடங்குகிறது. தாயும் இரையைக் கொண்டுவந்து போட்டு வேட்டை பழக்குகிறது. எட்டாம் வார அளவில் பால்குடி மறக்கிறது. இதற்கிடையே உடன்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு விளையாடும்போது, எவ்வளவு கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளிழுக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 6,000 பூனைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2017-இல் ஆய்வு வெளியிட்டனர். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றிடம் சீறிப் பாயும் குணம் மிகுதியாகக் காணப்பட்டது. 14 வாரம் வரை தாயோடு வைத்திருப்பது நலம் என்பது அவர்கள் முடிவு.

‘அவ்வளவு நாள் விட்டால் மனிதரிடம் ஒட்டாதே’ என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை குட்டியை நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கினால் அது மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத் தாயைப் பிரிக்க வேண்டியதில்லை. தாயின் அருகில் இருக்கும்போதே பழக்கலாம்.

பிரிக்கும் முறை

1. எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் கொடுக்கலாகாது. தாய்க்குப் பால் கட்டி மடி வீங்கும், ஏக்கமும் பெருகும். சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தல் நன்று.

2. சாக்கில் கட்டித் தூக்கிச் செல்லக் கூடாது. காற்றுப் புகும் மூடிய கூடையே ஏற்றது. தாயோடு படுத்திருந்த பழந்துணியை உடன் வைத்தால், அந்த வாசனையில் குட்டி அச்சம் குறையும்.

3. புதிய வீட்டில் முதல் சில நாள்கள் ஒரே அறையில் வைத்திருக்க வேண்டும். குட்டி பழகிய மணலில் சிறிது கொண்டுசென்று புதிய மணல் தட்டில் கலந்தால் இடம் தேடி அலையாது.

4. தயிர்ச்சோறு மட்டும் போதாது. டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-இல் கண்டறிந்தனர். அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு. கவலை, நெத்திலி போன்றவற்றை வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம்.

5. குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தவறாமல் அளிக்க வேண்டும். தாய்க்குக் கருத்தடை அறுவை செய்வது மிக முக்கியம். பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மீண்டும் சினையாகக்கூடும்.

வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காத குட்டிகளை மீன் சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ இரவோடிரவாக விட்டுவருவோர் உண்டு. ‘மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்’ என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வர். பசியாலும் தாகத்தாலும் வாட நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும். சட்டம் இருக்கட்டும். தாயைவிட்டுப் பிரித்து எடுத்த கை, அந்தத் தாயின் பொறுப்பையும் ஏற்க வேண்டாமா?

முடிவாக

அடுத்த ஆண்டு அதே பூனை மீண்டும் எங்கள் பரணுக்கு வந்து மூன்று குட்டிகளை ஈன்றது. இம்முறை ஒன்பது வாரம் பொறுத்திருந்தேன். சித்திக்கு இரண்டு குட்டிகளை ஒரு வார இடைவெளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாய் அரை நாள் தேடியது, பிறகு அமைதியாகிவிட்டது. அதன் வேலை முடிந்திருந்தது போலும். ஒரு குட்டியை நாங்களே வைத்துக்கொண்டு, தாய்க்குக் கருத்தடையும் செய்துவிட்டோம்.

அந்த இரண்டு பூனைகளும் இன்று சிதம்பரத்தில் நலமாக உள்ளன. பூனைக்குட்டியைப் பிரிப்பது பாவமன்று. காலம் அறியாமல் பிரிப்பதே பாவம். இதனை ஆயா ஒரே வரியில் சொன்னார். எனக்குப் புரிவதற்கு இரண்டு உயிர்கள் போக வேண்டியிருந்தது. படிக்கும் நண்பர்களுக்கு அந்த விலை வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.