கோபம் வந்தால் சீட்டைக் கீழே வை!

ஒரு சீட்டுக் கட்டில் மொத்தம் எத்தனை சீட்டு?

சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான், 52 என்று.

ஆனால் மரியா கொன்னிகோவாவுக்கு அது தெரியாது. அவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற எழுத்தாளர். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவ்வளவு படித்தும், சீட்டாட்டம் மட்டும் தெரியாது!

அப்படிப்பட்டவர், 2016-ம் ஆண்டு "போக்கர்" என்ற சீட்டாட்டத்தைக் கற்கத் தொடங்கினார். 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம், பகாமாஸ் தீவில் நடந்த ஒரு போட்டியில் முதல் பரிசு பெற்றார். பரிசுத் தொகை 84,600 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 54 லட்சம் ரூபாய்.

"அப்படியானால் நமக்கும் ஒரு சான்சு அடிக்காதா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

அவசரப்பட வேண்டாம். அந்தப் பெண் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள்.

ஏன் ஆடினார்?

மரியா மாஸ்கோவில் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தார்.

2015-ம் ஆண்டு அவருக்குச் சோதனையான ஆண்டு. பாட்டி இறந்து போனார். தாயாருக்கு வேலை போயிற்று. மரியாவின் உடம்பும் கெட்டது.

"வாழ்க்கையில் நடப்பதில் நம் கையில் இருப்பது எவ்வளவு? அதிர்ஷ்டம் எவ்வளவு?" என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது.

அந்தச் சமயத்தில், கணித மேதை வான் நியூமன் பொருளாதார நிபுணர் ஒருவருடன் சேர்ந்து எழுதி, 1944-ல் வெளிவந்த ஒரு நூலைப் படித்தார். வான் நியூமனுக்குப் போக்கர் என்றால் பிரியம். திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டம் அது என்பதே காரணம்.

"அதை ஆடிப் பார்த்தே தெரிந்து கொள்வோம்" என்று மரியா இறங்கினார். அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதுவது அவர் திட்டம். அது 2020-ல் வெளிவந்தது.

ஆட்டம் எப்படி?

போக்கரில் பல வகை உண்டு. மரியா கற்றது "டெக்சஸ் ஹோல்டம்" என்ற வகை.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். மேஜை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, ஒவ்வொரு கட்டமாகத் திறக்கப்படும். முதலில் மூன்று. பிறகு ஒன்று. கடைசியில் ஒன்று.

ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம். பிடிக்காவிட்டால் சீட்டைக் கீழே வைத்து விலகிவிடலாம். எதிராளியின் சீட்டு நமக்குத் தெரியாது. நம் சீட்டு அவருக்குத் தெரியாது. மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு, பெரிய தொகையைக் கட்டிப் பிறரை மிரட்டி விரட்டுகிறவர்களும் உண்டு!

ஆற்றைக் கடந்து போனார்!

மரியா குடியிருந்தது நியூயார்க் நகரம். அந்த மாநிலத்தில் பணம் கட்டி இணையத்தில் போக்கர் ஆடச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஹட்சன் ஆற்றின் அக்கரையில் இருப்பது நியூ ஜெர்சி மாநிலம். அங்கே 2013 முதல் அதற்கு அனுமதி உண்டு.

எனவே அவர் ஆற்றைக் கடந்து ஹோபோக்கன் என்ற ஊருக்குப் போவார். அங்கே காப்பிக் கடையில் உட்கார்ந்து, மடிக் கம்ப்யூட்டரில் சிறிய தொகைக்கு ஆடிப் பழகுவார்.

இணைய ஆட்டம் மிக வேகமானது. நேரில் ஆடினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 30 ஆட்டம் முடியும். இணையத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடிவிடும். ஒரே சமயத்தில் நாலு மேஜையில் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

எதிராளியின் முகம் தெரியாது. கையில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனம் சற்றுத் தயங்கும். திரையில் வெறும் எண்தான் குறைகிறது, தயக்கம் வருவதில்லை. "கடை மூடும் நேரம் ஆயிற்று, எழுந்திரு" என்று சொல்லவும் அங்கே ஆள் கிடையாது.

நல்ல சீட்டும் தோற்கும்!

போக்கரில் மிக உயர்ந்த தொடக்கச் சீட்டு, இரண்டு ஏஸ். அது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்பது கணக்கு.

உங்கள் கையில் இரண்டு ஏஸ் இருக்கிறது. எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கிறது. முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறீர்கள். வெற்றி உங்களுக்குத்தானா?

ஐந்து தடவைக்குச் சுமார் நான்கு தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள். ஒரு தடவை தோற்பீர்கள். உங்கள் ஆட்டத்தில் தவறே இல்லை. ஆனாலும் பணம் போய்விட்டது!

இந்த இடத்தில்தான் மனிதனுக்குப் புத்தி தடுமாறுகிறது. "விட்டதைப் பிடித்தே தீருவேன்" என்று வெறி பிறக்கிறது. மட்டமான சீட்டுக்கும் பணம் கட்டுகிறான். சிறிய மேஜையை விட்டுப் பெரிய மேஜைக்குப் போகிறான். ஒரு மாதம் சேர்த்ததை ஒரே இரவில் விடுகிறான்.

இந்த நிலைக்கு ஆட்டக்காரர்கள் "டில்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குண்டு உருட்டும் "பின்பால்" எந்திரத்திலிருந்து வந்த சொல் அது. எந்திரத்தைக் கோபத்தில் பிடித்து ஆட்டினால், "டில்ட்" என்று விளக்கு எரியும், ஆட்டம் நின்றுவிடும். மனிதனுக்கு அப்படி விளக்கு எரிவதில்லை. அதுதான் தொல்லை!

குருவின் கட்டளை

மரியாவுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் எரிக் சைடல். போக்கர் உலகில் மிகப் பெரிய ஆட்டக்காரர்.

1988-ம் ஆண்டு உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அவர் ஜானி சான் என்பவரிடம் தோற்றார். தோற்ற காட்சி படம் பிடிக்கப்பட்டிருந்தது. 1998-ல் வெளிவந்த "ரவுண்டர்ஸ்" என்ற ஆங்கில சினிமாவில் அதையே காட்டிவிட்டார்கள்!

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். சைடல் அமைதியாக ஆடிக்கொண்டே இருந்தார். 2010-ல் போக்கர் வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒரு நாள் மரியா, "நல்ல சீட்டு வைத்திருந்தும் தோற்றுவிட்டேன்" என்று தன் துயரக் கதையைச் சொல்லத் தொடங்கினார். சைடல் அதைக் கேட்க மறுத்துவிட்டார்! எப்படி முடிந்தது என்ற பேச்சே வேண்டாம், எந்த இடத்தில் எதை நினைத்து என்ன முடிவு எடுத்தாய் என்று மட்டும் சொல் என்பது அவர் முறை.

காரணம் என்ன? கடைசிச் சீட்டு நம் கையில் இல்லை. முடிவு எடுப்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதைத்தானே திருத்த முடியும்?

குறிப்பு நோட்டு

மனப் பயிற்சிக்கு மரியா வேறோர் ஆசிரியரையும் வைத்துக்கொண்டார். எந்தச் சமயத்தில் கோபம் வருகிறது, எந்தச் சமயத்தில் பயம் வருகிறது என்று அவர் எழுதி வைக்கத் தொடங்கினார்.

அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. முரட்டுத்தனமாகப் பணம் கட்டும் ஆண்கள் எதிரில் இருந்தால், நல்ல சீட்டைக்கூட அவர் கீழே வைத்துவிடுகிறார்! தன் பலவீனம் எது என்று தெரிந்த பிறகுதான் அவரால் அதைத் திருத்த முடிந்தது.

நூற்றுக்கு ஐந்து

மனதை மட்டும் நம்பினால் போதாது. பணத்துக்கும் வேலி வேண்டும் என்று காட்டியவர் கிறிஸ் பெர்குசன். அவரும் பெயர் பெற்ற ஆட்டக்காரர்.

2006-ல் அவர் ஒரு சோதனை செய்தார். கையிலிருந்து ஒரு காசும் போடாமல், இலவசப் போட்டியில் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது என்பது சோதனை. அதற்கு அவர் வைத்துக்கொண்ட விதிகள் இவை:

மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் ஒரு மேஜைக்குக் கொண்டு போகக் கூடாது.

பலர் கலந்துகொள்ளும் பெரிய போட்டி என்றால், நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கட்டக் கூடாது.

மேஜையில் உள்ள தொகை மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டிவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஆம், ஜெயித்துக் கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும்!

ஒன்றரை ஆண்டு போல அவர் பொறுமையாக ஆடி, அந்தத் தொகையைச் சேர்த்தார்.

கதை இத்துடன் முடியவில்லை. அவர் "புல் டில்ட்" என்ற இணையச் சீட்டாட்டக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2011-ல் அமெரிக்க அரசு அந்தக் கம்பெனி மீது நடவடிக்கை எடுத்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் கம்பெனியில் இல்லை என்பது அப்போது வெளியாயிற்று. பிறகு வேறொரு கம்பெனி வந்து அதை ஏற்றுக்கொண்ட பின்புதான் அவர்கள் பணத்தைத் திரும்பப் பெற வழி பிறந்தது.

ஆக, ஆட்டக்காரன் எவ்வளவு ஒழுங்காக ஆடினாலும், அவன் பணம் பிறர் பெட்டியில்தான் இருக்கிறது!

யாருக்கு லாபம்?

இன்னொரு சின்னக் கணக்கு.

நாலு பேர் தலைக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துகிறவர் 5 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். 40 ஆட்டம் முடிந்தால் 200 ரூபாய் அவரிடம் போய்விடும். நாலு பேரிடமும் சேர்ந்து மிச்சம் பாதிதான்!

நாலு பேரும் சமமான திறமைசாலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகப் போக நாலு பேருக்கும் நஷ்டம். கமிஷன் எடுப்பவருக்கு மட்டும் நஷ்டமே கிடையாது.

படித்தவர்களுமா?

"புத்திசாலிகள் ஏமாற மாட்டார்கள்" என்று எண்ண வேண்டாம்.

மரியா ஆராய்ச்சி செய்தது வால்டர் மிஷல் என்ற பேராசிரியரிடம். குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, "கொஞ்ச நேரம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிச் சோதித்துப் பார்த்தவர் அவர்தான்.

தன்னடக்கம் உள்ளவர்கள், அதிர்ஷ்டம் கலந்த பண விஷயத்தில் எப்படி நடக்கிறார்கள் என்று மரியா ஆராய்ந்தார். அவர்களும் தவறு செய்தார்கள்! எல்லாம் தங்கள் பிடியில் இருப்பதாக நினைத்ததுதான் காரணம்.

நம் நாட்டுச் சட்டம்

இணையச் சூதாட்டத்தைத் தடுக்க, தமிழ்நாடு அரசு 2022-ல் சட்டம் கொண்டு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கான தடையை 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது.

பிறகு 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில். ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

எனவே மரியாவைப் போல நாமும் பரிசு வாங்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தப் பேச்சே கூடாது!

வீட்டில் கவனியுங்கள்

வீட்டில் ஒருவர் நள்ளிரவில் செல்போனும் கையுமாக இருக்கிறாரா? காரணம் சொல்லாமல் கடன் கேட்கிறாரா? கேட்டால் எரிந்து விழுகிறாரா? திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.

விட்டதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதிப் பார்த்தால்தான் அளவு தெரியும். அடைக்கும் வழியும் தெரியும்.

மனம் நொந்தவர்களுக்கு ஆலோசனை சொல்ல, மத்திய அரசின் "டெலி மானஸ்" தொலைபேசி இருக்கிறது. எண் 14416. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம்.

மரியா கற்ற பாடம் சீட்டு ஆடாதவர்களுக்கும் பயன்படும். கோபமாக இருக்கும்போது முடிவு எடுக்காதீர்கள். நஷ்டம் வந்த அன்றே அதை ஈடு கட்டப் புறப்படாதீர்கள். எவ்வளவு வரை போகலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்தக் கோடு வந்ததும் எழுந்து விடுங்கள். வியாபாரமானாலும், வீட்டுச் செலவானாலும், கணவன் மனைவி சண்டையானாலும் இதுவே நல்ல வழி.