வீட்டோடு வரும் கிளப்

புளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வீட்டு விளம்பரங்களைப் புரட்டினால் சில விலைகளைப் பார்த்துத் திகைத்துப்போவீர்கள். இரண்டு படுக்கையறை, ஏரியைப் பார்த்த பால்கனி, வாசலில் காவல், சுற்றிலும் வெட்டிச் சீராக்கிய புல்வெளி. விலையோ வெளியே சாதாரணத் தெருவில் இருக்கும் சுமாரான வீட்டைவிடக் குறைவு. “அக்கா, இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சா?” என்று கேட்டு எனக்கு அனுப்புவார்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கிளப் உறுப்பினராவது கட்டாயம்’ என்று இருக்கும். அந்த வரிக்காகத்தான் விலை குறைந்திருக்கிறது.

நான் இந்தப் பகுதியில் வரிக்கணக்கு பார்ப்பவள். சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூட்டிக் கழித்துக் காட்டலாம். நியூ ஜெர்சியிலும் மிச்சிகனிலும் முப்பது வருடம் பனியைத் தள்ளிய தமிழர்கள், ஓய்வுக்காலத்தில் வெயிலைத் தேடியும், மாநில வருமான வரி இல்லை என்பதற்காகவும் தெற்கே வருகிறார்கள். வருகிறவர்களில் சிலருக்கு இந்தக் கிளப் குடியிருப்புகளின் மேல் கண் விழுகிறது. தப்பில்லை, பார்க்க அவ்வளவு அழகு.

கிளப் என்பது அமெரிக்காவில் பழைய சங்கதி. பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் ‘தி கண்ட்ரி கிளப்’ 1882-ல் தொடங்கியது. வீடும் கிளப்பும் ஒரே வேலிக்குள் என்ற ஏற்பாட்டுக்கு முன்னோடியாக நியூயார்க் மாநிலத்தின் டக்ஸிடோ பார்க்கைச் சொல்வார்கள், அது 1886. புளோரிடாவில் இது பெருகியது 1970களிலும் 80களிலும். போக்கா ரேட்டனில் உள்ள போக்கா வெஸ்ட் ஒன்றிலேயே 4 கால்ஃப் மைதானங்கள், 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள். டென்னிஸ், பிக்கிள்பால், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், உணவகங்கள் எல்லாம் உள்ளேயே. நடந்தே போகலாம், ஆனால் யாரும் நடப்பதில்லை, கால்ஃப் வண்டிதான்.

வாங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கிளப் வேறு, அசோசியேஷன் வேறு என்பது. சாலை, காவல், பொதுத் தோட்டம் இவற்றுக்குப் பெரிய அசோசியேஷன் பணம் வாங்கும். உங்கள் கட்டடத்துக்கோ தெருவுக்கோ தனியாக ஒரு சின்ன அசோசியேஷன் இருக்கும். அது தனி வசூல். மூன்றாவதாகக் கிளப். மூன்று பில்கள், மூன்று நிர்வாகக் குழுக்கள், மூன்று சட்டப் புத்தகங்கள். விற்பனை முகவர் பெரும்பாலும் ஒன்றை உரக்கச் சொல்வார், மற்ற இரண்டையும் காகிதத்தில் காட்டுவார்.

ஒரு கணக்குப் போடுவோம். எந்தக் குடியிருப்பின் கணக்கும் அல்ல, ஆனால் நான் பார்க்கும் காகிதங்களுக்கு நெருக்கமானது. காண்டோ எனும் அடுக்குமாடி வீட்டின் விலை 2.5 லட்சம் டாலர். கிளப்பில் சேரும் கட்டணம் 1 லட்சம். போக்கா ரேட்டன் பக்கம் இன்று அதற்கு மேலும் கேட்கிறார்கள். ஆண்டுச் சந்தா 25,000. அசோசியேஷன்கள் இரண்டும் சேர்ந்து 10,000. உணவகத்தில் கட்டாயமாகச் செலவழிக்க வேண்டிய தொகை 2,000. எதுவுமே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பத்து ஆண்டில் 4.7 லட்சம் ஆகிறது. வீட்டின் விலை 2.5 லட்சம்தான். வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, வீட்டோடு வந்த கிளப்புக்கும் அசோசியேஷனுக்கும் போகிறது. சொத்து வரியும் புயல் காப்பீடும் இதில் சேரவில்லை.

அந்த உணவக விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு டாலருக்குச் சாப்பிட்டே தீர வேண்டும்; சாப்பிடாவிட்டாலும் ஆண்டு முடிவில் அந்தத் தொகையை எடுத்துக்கொள்வார்கள். நான் அண்ணா, அண்ணி என்று கூப்பிடும் ஒரு தம்பதி சுத்த சைவம். கிளப்பின் பட்டியலில் அவர்களுக்கென்று இருந்தது சாலடும் ஒரு பாஸ்தாவும். டிசம்பர் வந்தால் பாக்கித் தொகையைத் தீர்க்க அண்ணி ஊரில் உள்ள அசைவ நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைப்பார். “நம்ம காசுல அவங்க மீன் சாப்பிடட்டும், புண்ணியமாவது கிடைக்கட்டும்” என்பார். புண்ணியம் கிடைத்ததா தெரியாது, அடுத்த ஆண்டும் அந்த 2,000 டாலர் வந்து நின்றது.

இன்னொன்று, நம்மவர்கள் மட்டும் மறந்துபோவது. ஓய்வுபெற்ற பலர் ஆண்டில் நாலைந்து மாதம் சென்னையிலோ கோவையிலோ இருப்பார்கள். மார்கழிக் கச்சேரி, கல்யாணம், பெற்றோர் வைத்தியம். அந்த மாதங்களில்தான் புளோரிடாவில் பருவநிலை இதமாக இருக்கும், கிளப்பும் களைகட்டும். நீங்கள் மயிலாப்பூரில் இருக்கும்போதும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது வெயிலும் புழுக்கமும், மைதானத்தில் ஆளே இல்லை.

உள்ளே வாழ்க்கை சட்டதிட்டங்களால் ஆனது. வாசல் கதவின் நிறம், நடும் செடி, வாடகைக்கு விடலாமா, விளக்கலங்காரத்தை என்றைக்குள் அவிழ்க்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கிளப் கட்டடத்துக்குள் பெரும்பாலும் ஜீன்ஸ் கூடாது. விருந்தினர் பெயரை முன்கூட்டியே வாசலுக்குச் சொல்லாவிட்டால் உங்கள் மைத்துனரே வெளியே நிற்பார். ஒரு வீட்டில் ஊரிலிருந்து வந்த மாமியார் பின்பக்கத்தில் கொடி கட்டிப் புடவை உலர்த்தினார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. புளோரிடா சட்டத்தின் 163.04-ம் பிரிவு சூரியத் தகடுகளையும் துணி உலர்த்தும் கொடியையும் ஒரே வரிசையில் வைத்து, இவற்றைக் குடியிருப்பு விதிகளால் தடைசெய்யக் கூடாது என்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு கொடிக்கயிற்றுக்காக நான் எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

‘நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா’ என்றும் மெல்லக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பில் 1990 வரை ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை; அந்த ஆண்டு அங்கே பெரிய கால்ஃப் போட்டி நடக்கவிருந்தபோது அது நாடறிந்த சர்ச்சையாகி, அதன் பிறகுதான் ஒருவரைச் சேர்த்தார்கள். வீடு விற்பதில் இன, மத பேதம் பார்ப்பதை 1968-ம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துவிட்டது. இன்று தெற்கு புளோரிடாவின் கட்டாய உறுப்பினர் குடியிருப்புகளில் பணம்தான் முதல் கேள்வி. சேர்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் வெளியே வருவதில் இருக்கிறது. சேரும்போது கட்டுவதில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் பல கிளப்புகள் எழுதிக் கொடுத்தன. நிபந்தனை பின்பக்கத்தில் இருக்கும்: புதிதாக மூன்று, நான்கு பேர் சேர்ந்த பிறகே, போகிறவர்களில் ஒருவருக்குப் பணம். 2008-ல் வீட்டுச் சந்தை விழுந்தது, புதிதாகச் சேர ஆளில்லை, வரிசை நகரவில்லை, வழக்குகள் வந்தன. அந்த ஆண்டுகளில் காண்டோவைச் சில ஆயிரம் டாலருக்குத் தருகிறேன், உன் சேரும் கட்டணத்தையும் நானே கட்டுகிறேன் என்று விற்பவர்கள் கெஞ்சினார்கள். வீடு விற்காத வரை சந்தா நிற்காது என்பதுதான் காரணம். கட்டாமல் விட்டால் வீட்டின் மேல் பாத்தியதை போட்டு, நீதிமன்றம் போய் ஏலத்துக்கும் கொண்டுவரலாம். உரிமையாளர் இறந்தால், வீடு கைக்கு வந்த பிள்ளைகள் டெக்சாஸில் இருந்தாலும் கட்ட வேண்டும். அப்பா விட்டுப்போன வீட்டைச் சுமையாகத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உறுப்பினராவது கட்டாயம் இல்லாத இடத்தில் வேறு ஆபத்து. போக்கா ரேட்டன் அருகே மிஸ்னர் டிரெயில் கால்ஃப் மைதானம் 2005-ல் மூடப்பட்டது. மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்பதற்காகவே வீடு வாங்கியவர்கள், அந்த நிலத்தில் வீடு கட்ட வந்தவர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் கவுண்டி அனுமதி கொடுத்துவிட்டது. உறுப்பினர் கட்டாயம் என்பது மைதானம் மூடாமல் இருக்க ஓரளவு காப்பு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2020-க்குப் பிறகு வடக்கிலிருந்து கூட்டம் வந்ததில் பல கிளப்புகள் இப்போது செழிப்பாக இருக்கின்றன. செழிப்பு வந்ததும் கிளப் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ஆசையும் வரும். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவரும் அதற்குப் பங்கு தர வேண்டியதுதான்.

காண்டோ என்றால் கட்டடத்தின் வயதையும் பாருங்கள். 2021 ஜூன் 24-ல் மயாமி அருகே சர்ஃப்சைடில் காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குப் பொறியாளர் ஆய்வையும், பழுதுக்கான சேமிப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. இதுவரை சேமிக்காமல் விட்ட கட்டடத்தில் அந்தப் பாக்கி புதிதாக வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

இனி என் துறை. சொத்து வரியை விற்பவரின் பில்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற பாதுகாப்பு 1995 முதல் இருக்கிறது. கைமாறியதும் அது சந்தை மதிப்புக்குத் தாவிவிடும். அதே வீட்டுக்கு உங்கள் வரி அவருடையதைப் போல இரண்டு, மூன்று மடங்காகலாம். ‘நோயாளிகளையும் வாடிக்கையாளர்களையும் அங்கேதானே சந்திக்கிறேன், சந்தாவைத் தொழில் செலவில் காட்டலாமா’ என்று மருத்துவர்கள் கேட்பார்கள். முடியாது. 1993-ல் வந்த சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

ஆனால் வருமான வரித்துறையே ஒரு நல்ல வழியும் திறந்து வைத்திருக்கிறது. உறுப்பினர்களே நடத்தும் பல கிளப்புகள் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானவை. அவை ஆண்டுதோறும் படிவம் 990 தாக்கல் செய்ய வேண்டும். அதை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். சந்தா வருமானம் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று அதில் தெரியும். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை வைத்துப் பார்த்தால், முகவர் சொல்லாதது பாதி வெளியே வந்துவிடும். வீட்டு உரிமையாளர் அசோசியேஷன் (HOA) உள்ள இடத்தில் ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் ஒரு பக்க அறிவிப்பு தர வேண்டும் என்பதும் புளோரிடா சட்டம். தராமல் கையெழுத்து வாங்கியிருந்தால், அது கைக்கு வந்த 3 நாளுக்குள், பத்திரம் முடியும் கிளோசிங்குக்கு முன், எழுதிக்கொடுத்து விலகலாம்.

வாரத்தில் நான்கு நாள் கால்ஃபோ டென்னிஸோ ஆடுகிறவர், ஆண்டு முழுதும் இங்கேயே இருப்பவர், 4.7 லட்சம் போனாலும் கவலைப்படாதவர், இவர்களுக்கு இது நல்ல வாழ்க்கை. என் வாடிக்கையாளர்களிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிறவருக்கு இதைவிட விலை கூடிய வீடு கிடையாது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கிளப் அலுவலகத்திடம் ஒரே ஒரு பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நான் விற்றாலோ இறந்தாலோ, எந்தத் தேதியோடு சந்தா நிற்கும்?