விதை நெல் உலர்த்தும் யந்திரத்தில் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் ரிலே

காவேரி டெல்டாவில் குறுவை அறுவடையாகும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலேயே வடகிழக்குப் பருவ மழையும் தொடங்கிவிடுகின்றது. அறுவடை யந்திரத்தினின்று இறங்கும் நெல்லில் 100-க்கு 20 முதல் 25 பாகம் வரை ஈரம் இருக்கும். களத்தில் வெயில் காணாது குவிந்து கிடக்கும் அந்நெல் இரண்டொரு நாளிற் சூடேறி, நிறம் மாறி, முளை கொள்வதை நமது விவசாயிகள் நன்கு அறிவர். ஆகவேதான் விதைப்பண்ணை நடத்துவோரும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சூடான காற்றைச் செலுத்தி நெல்லை உலர்த்தும் யந்திரங்களை நாடுகின்றனர். 27 டிகிரி உஷ்ணமும் 100-க்கு 95 பாகம் ஈரப்பதமும் உள்ள மழைக்காலக் காற்றை 43 டிகிரி வரை சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 40 பாகத்திற்கு இறங்கிவிடுகின்றது. அக்காற்று நெல்லின் ஈரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

இங்குச் சொல்லப்படும் டிகிரிகள் யாவும் சென்டிகிரேட் கணக்கு. விதை நெல்லுக்குச் செலுத்தும் காற்று 43 டிகிரியைத் தாண்டலாகாது என்பது நெல் ஆராய்ச்சியாளர் பொதுவாக வகுத்துள்ள வரம்பு. அரிசிக்காக அரைக்கும் நெல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. அதனை இன்னும் அதிகச் சூட்டில் உலர்த்துவோர் உண்டு. தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது. ஒரே யந்திரத்தில் இன்று அரவை நெல்லையும் நாளை விதை நெல்லையும் போடுகிறோம். சூட்டினாற் செத்த விதை, உயிருள்ள விதையைப் போலவே பொன்னிறமாய், பதராகாமல், கனமாய் இருக்கும். கண்ணுக்கும் கைக்கும் பற்களுக்கும் அது அகப்படாது. நாற்றங்காலில் விதைத்து ஒரு வாரம் சென்ற பின்னரே குட்டு வெளிப்படும். அதற்குள் பருவம் கடந்திருக்கும். சான்று பெற்ற நெல் விதைக்கு முளைப்புத் திறன் 100-க்கு 80-க்குக் குறையாமலும், சாதாரணச் சாக்கில் வைக்கும் விதைக்கு ஈரம் 13-க்கு மேற்படாமலும் இருக்கவேண்டுமென்பது விதி. ஈரத்தைக் குறைக்கும் அவசரத்தில் உயிரைப் போக்கிவிட்டால் அவ்விதை வெறும் அரவை நெல்லே.

யந்திரத்தோடு வரும் சிறு பெட்டியொன்று இந்த வரம்பைக் காக்கின்றது. உள்ளங்கையளவான இதனை உஷ்ணக் கண்ட்ரோலர் என்பர். ஆலைகளிற் கொதிகலன்களுக்கும் உலைகளுக்கும் வைக்கப்படுவதும் இதே கருவிதான். சென்சார் என்னும் உணர்முனை உஷ்ணத்தை அறிவிக்க, கருவி அதனை எண்ணாகக் காட்டி, நாம் குறித்துக் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, தன்னுள்ளிருக்கும் ரிலேயை இயக்குகின்றது. ரிலே என்பது சிறு மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு சுவிட்சு. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரியதொன்றை ஆளும் இந்த உபாயத்தை 1835-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி செய்துகாட்டினார் என்பர். கருவியை விற்பவர் பொதுவான எண்களை வைத்தே அனுப்புகிறார். நம்முடைய யந்திரத்திற்கும் நம்முடைய விதைக்கும் ஏற்றபடி அதனை அமைத்துக்கொள்வது நமது பொறுப்பு.

முதலாவது, சென்சாரை எங்கே வைப்பது என்பதைக் கவனிக்கவேண்டும். ஊதுவிசிறிக்கும் நெற்படுகைக்கும் இடையே சூடான காற்று நிரம்பி நிற்கும் அறையில், காற்று நன்கு கலந்த இடத்தில் அது இருத்தல் வேண்டும். நெல்லின் மேற்பரப்பில் வைப்பது பெருந்தவறு. ஈரம் ஆவியாகும்போது காற்று குளிர்ந்துவிடுமாதலால், அடியில் 50 டிகிரி இருக்கையிலும் மேலே 30 டிகிரிக்குச் சற்று மேலாகவே காட்டும்; கருவியோ இன்னும் சூடு போதவில்லையென்று நெருப்பை ஏற்றிக்கொண்டே போகும். அடிப்படுகை விதை முழுவதும் வீணாகும். ஹீட்டர் சுருளை ஒட்டி வைப்பதும் கூடாது. அங்கு எண் தாறுமாறாக ஏறி இறங்கும்.

இரண்டாவது, சென்சாரின் ஜாதியைக் கருவிக்குச் சரியாகச் சொல்லவேண்டும். வழக்கில் உள்ளவை இரண்டு வகை: வெவ்வேறு உலோகக் கம்பிகள் இரண்டை இணைத்த தெர்மோகப்பிள், பிளாட்டினக் கம்பியாலான பி.டி. 100. தெர்மோகப்பிளிலும் கே, ஜே எனப் பல பிரிவுகள் உண்டு. ஜே வகையைப் பொருத்திவிட்டு, கருவியில் கே என்று வைத்தால், எண் உள்ளதை விட அதிகமாகக் காட்டும்; விதை தப்பும், வேலை தாமதமாகும். மாறாக, கே வகையைப் பொருத்தி ஜே என்று வைத்தால் எண் குறைவாகக் காட்டும். பெட்டியைச் சூழ்ந்த இடம் 27 டிகிரியாக இருக்கையில், கருவி 43 என்று காட்டும்போது உண்மையில் காற்று 47 டிகிரிக்கு மேல் இருக்கும். விதைக்கு இந்த நான்கு டிகிரி சிறியதன்று.

தெர்மோகப்பிள் கம்பிகளுக்கு நேர், எதிர் என்ற பேதம் உண்டு. மாற்றிப் பூட்டினால், காற்றுச் சூடேற ஏற எண் இறங்கிக்கொண்டே போகும். ரிலே என்றைக்கும் நெருப்பை நிறுத்தாது. புதிதாகப் பூட்டியவுடன் உணர்முனையைக் கையிற் பொத்திப் பிடித்துப் பாருங்கள், எண் ஏறவேண்டும். இறங்கினால் கம்பிகள் மாறியுள்ளன. அரை நிமிஷ வேலை. இக்கம்பியை நீட்டவேண்டுமாயின் அவ்வகைக்கே உரிய நீட்டுக் கம்பியால் நீட்டவேண்டும், சாதாரணத் தாமிரக் கம்பி உதவாது. பி.டி. 100-க்குத் தாமிரக் கம்பி போதும். ஆனால் மூன்று கம்பிகளாக இழுக்கவேண்டும். இரண்டே கம்பிகளாக 1 சதுர மில்லிமீட்டர் தாமிரத்தை 25 மீட்டர் தூரம் இழுத்தால், கம்பியின் தடையே 2 டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டும்.

இனி எண்களுக்கு வருவோம். பலர் 43 என்ற ஒரே எண்ணைக் கருவியிற் பதித்துவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணுகின்றனர். உண்மையில் எண் ஒன்றன்று, இரண்டு: நெருப்பு நிற்கும் எண், மறுபடி பற்றும் எண். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை ஹிஸ்டரிசிஸ் என்று கருவியின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். இடைவெளியை மிகச் சிறியதாக, 0.1 டிகிரி என்று வைத்தால், ரிலே ஓயாமல் அடித்துக்கொள்ளும். 10 விநாடிக்கு ஒருமுறை அடிக்குமாயின் மணிக்கு 360 முறை. முழுச் சுமையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை உழைக்கக்கூடிய ரிலே, இரவு பகலாய் ஓடினால் 12 நாளிற்குள் தேய்ந்துபோகும். 3 நிமிஷத்திற்கு ஒருமுறை அடிக்கும்படி செய்தாலோ அதே ரிலே 5,000 மணி நேரம் உழைக்கும். இடைவெளியை 6 டிகிரி என்று அகட்டிவிடுவதும் நன்றன்று. காற்று ஊசலாடும், உலர்த்தும் நேரம் நீளும். 2 டிகிரியில் தொடங்குவது பெரும்பாலும் பொருந்தும்.

நிற்கும் எண்ணை 43 என்றே வைப்பதும் தவறு. ரிலே விடுத்த பின்னும் சுருளிலும் இரும்பிலும் தங்கிய சூடு காற்றை இன்னும் சில டிகிரி உயர்த்தும். முதலில் 38 என்று வைத்து ஒரு மணி நேரம் அருகிலிருந்து, எண் எவ்வளவு தூரம் தாண்டிச் செல்கிறதென்று குறித்துக்கொள்ளவேண்டும். 3 டிகிரி தாண்டுமாயின் நிற்கும் எண் 40-க்கு மேற்படலாகாது. ஈரம் மிகுந்த விதை சூட்டைத் தாங்கும் ஆற்றல் குறைந்ததாதலால், முதற் சில மணி நேரம் 38-லேயே ஓட்டி, ஈரம் இறங்கிய பின்னர் ஏற்றுவது மேல் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய்ச் செலவு சிறிது கூடும், கூடட்டும்.

ரிலேயின் பின்புறம் மூன்று முனைகள் காணப்படும். நடுவிலுள்ளது பொது முனை. மற்றவற்றுள் ஒன்று, ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது திறந்திருப்பது. மற்றொன்று அப்போது மூடியிருப்பது. ஹீட்டரையோ பர்னரையோ ஓட்டும் கம்பி, திறந்திருக்கும் முனை வழியாகவே செல்லவேண்டும். கருவி பழுதானாலும், அதற்கு வரும் மின்சாரம் அறுந்தாலும், நெருப்பு தானே நின்றுவிடும். அபாய மணிக்கு முறை வேறு. எல்லாம் சரியாயிருக்கும்போது ரிலே இழுத்துப் பிடித்திருக்கவும், கெட்டால் விடுத்து மணி ஒலிக்கவும் அமைக்கவேண்டும். மணிக்கு மட்டும் தனி பாட்டரி தேவை; இல்லையேல் மின்சாரம் போன இரவில் மணியும் ஊமையாகிவிடும். உணர்முனைக் கம்பி அறுந்தால் எண்ணை உச்சத்திற்கு ஏற்றுவதா, அடிக்கு இறக்குவதா என்று சில கருவிகள் கேட்கும். உச்சம் என்றே வைக்கவும். சூடு அதிகமென்று நினைத்து அது நெருப்பை நிறுத்திவிடும்.

கருவிக்குள்ளிருக்கும் ரிலே பெரும்பாலும் 5 அல்லது 10 ஆம்பியர் தாங்குவதே. 9 கிலோவாட் மும்முனை ஹீட்டர் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 12.5 ஆம்பியர் இழுக்கும். ஆதலின் ரிலே நேராக ஹீட்டரை ஓட்டலாகாது. காண்டாக்டர் என்னும் பெரிய சுவிட்சின் சுருளை மட்டும் இயக்கவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதனைச் செய்விப்பது அவசியம்.

ஊதுவிசிறி ஓடாமல் நெருப்பு மட்டும் எரிந்தால் யந்திரத்தில் தீப்பிடிக்கும். காற்று நின்ற அறையில் உள்ள உமித்தூசும் வைக்கோற்கூளமும் அதற்குப் போதும். ஆகையால் விசிறி ஸ்டார்ட்டரின் துணைமுனையை நெருப்பின் கம்பியோடு தொடராக இணைப்பது வழக்கம். ஆனால் பெல்ட் அறுந்தால் மோட்டார் ஓடும், விசிறி ஓடாது. ஸ்டார்ட்டருக்கு அது தெரியாது. காற்றின் ஓட்டத்தையே உணரும் சுவிட்சு ஒன்று வைப்பது இதனினும் நம்பகமானது. நெருப்பை நிறுத்திய பின் விசிறி சில நிமிஷங்கள் ஓடவேண்டும்.

இன்னொரு கேடு உண்டு. நாளடைவில் காண்டாக்டரின் முனைகள் பொறிபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரிலே விடுத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டேயிருக்கும். கருவியின் விளக்கு மட்டும் அணைந்து நம்மை ஏமாற்றும். இதற்காகவே நல்ல கருவிகளில் இரண்டாவது ரிலே வைத்துள்ளனர். அதனை 44 டிகிரியிற் குறித்து, தனியான மற்றொரு காண்டாக்டரை விடுவிக்கும்படியும், ஒருமுறை விடுத்தபின் மனிதன் வந்து பொத்தானை அழுத்தும்வரை மறுபடி பிடிக்காதபடியும் அமைக்கவேண்டும். இரண்டு ரிலேகளையும் ஒரே காண்டாக்டருக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. அது பூட்டு ஒன்றிற்கு இரண்டு சாவி செய்ததுபோலத்தான்.

உமி அடுப்பைக் கொண்டு காற்றைச் சூடாக்கும் இடங்களில் மேற்சொன்னது அப்படியே பொருந்தாது. எரியும் உமியை ரிலே அணைக்க இயலாது; அடுப்புக்குக் காற்றூதும் சிறு விசிறியை நிறுத்தவோ, குளிர்ந்த காற்றுக்கு வாயிலைத் திறந்துவிடவோதான் இயலும். தாண்டிச் செல்லும் சூடும் அதிகமாயிருக்கும். அதற்கேற்ப எண்ணை இன்னும் தாழ்த்தவேண்டும். இவ்வாறு காற்று வாயிலைத் தானே திறந்து மூடச் செய்யும் எண்ணம் மிகப் பழையது. 1572 முதல் 1633 வரை வாழ்ந்த டச்சுக்காரர் கார்னேலியஸ் டிரெபெல், முட்டைகளை அடைவைத்துப் பொரிக்கும் பெட்டியொன்றில், சூட்டால் விரியும் திரவத்தைக் கொண்டு அடுப்பின் வாயிலை ஆளச்செய்தார். அவர் காக்க முயன்றதும் ஓடுக்குள் இருந்த உயிரைத்தான்.

எல்லாவற்றையும் சரியாக அமைத்த பின்னும் மனிதர் கை ஒன்று இருக்கின்றது. மழை கொட்டுகிறது, வாயிலில் வண்டிகள் காத்துநிற்கின்றன. நள்ளிரவில் யந்திரத்தருகே இருக்கும் ஆள் எண்ணை 55-க்கு ஏற்றிவிட்டால் காலையில் நெல் உலர்ந்திருக்கும், ஒருவரும் குறை சொல்லமாட்டார். முதல்நாள் அரவை நெல்லுக்கு ஏற்றிய எண்ணை விதைக்கு இறக்க மறப்பதும் நிகழக்கூடியதே. எண்ணை மாற்றவொட்டாமல் பூட்டிவைக்கும் ரகசிய எண் அநேகமாக எல்லாக் கருவிகளிலும் உண்டு. அதனை உபயோகித்து, அவ்வெண்ணைப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் வைக்கவேண்டும். உற்பத்தியாளர் நிறுவன யந்திரமாயின், எந்தக் குவியல் எந்த எண்ணில் எத்தனை மணி ஓடியது என்று நோட்டில் எழுதிவரச் செய்தல் நலம். விதை முளைக்காதபோது யார்மேல் பிழை என்ற வழக்கு கிராம அலுவலரிடம் வராமலிருக்க அதுவே சாட்சி.

அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்னதாக யந்திரத்தை வெறுமையாக ஓட்டிச் சோதிக்கவேண்டும். உணர்முனையைக் கொதிக்கும் நீரில் வைத்தால் டெல்டாவில் 100 டிகிரிக்கு அண்மையிலும், உருகும் பனிக்கட்டியில் 0-விலும் காட்டவேண்டும். உதகையிற் சோதிப்போர் 100-ஐ எதிர்பார்க்கவேண்டாம். அவ்வுயரத்தில் நீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். யந்திரம் ஓடுகையில் உணர்முனைக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள்: நெருப்பு நிற்கவேண்டும். கருவியின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்: நிற்கவேண்டும், மணியும் ஒலிக்கவேண்டும்.

உலர்த்திய விதையில் குவியலுக்கு 400 மணிகள் எடுத்து, நூறு நூறாக நான்கு ஈரத்துணிகளில் முளைக்கவிட்டு 14-ஆம் நாள் எண்ணவேண்டும். உலர்த்தும் முன்பே அதே குவியலிற் சிறிது எடுத்து நிழலில் ஆற்றிவைத்து, அதனையும் பக்கத்திலேயே முளைக்கவிடுங்கள். புதிய நெல்லுக்கு உறக்க காலம் உண்டாதலால், முளைக்காத மணியெல்லாம் சூட்டினாற் செத்தது என்று சொல்லிவிட முடியாது. இவ்வுறக்கத்தைக் கலைக்க, நன்கு உலர்ந்த விதையை 50 டிகிரியிற் சில நாள் வைக்கும் முறை விதைப் பரிசோதனைச் சாலைகளிலேயே உண்டு. உலர்ந்த விதை தாங்கும் அச்சூட்டை ஈர விதை தாங்காது. நிழலில் ஆறியதும் யந்திரத்தில் உலர்ந்ததும் ஒரே அளவாகக் குறைந்தால் அது உறக்கம். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம். யந்திரத்தில் உலர்ந்தது மட்டும் குறைந்தால், அக்குவியலை அரவைக்கு அனுப்பிவிட்டு, அடுத்ததை ஏற்றுமுன் உணர்முனையின் பக்கத்தில் பாதரச உஷ்ணமானி ஒன்றைச் செருகிக் கருவியின் எண்ணோடு ஒத்துப்பார்க்கவும்.