கொள்ளைநோயும் மருத்துவப் பணியாளரின் குணமாற்றமும்

கோவிட் வார்டுகளில் மாதக்கணக்கில் பணியாற்றித் திரும்பிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் பற்றி அவர்தம் குடும்பத்தார் கூறும் குறை ஒன்றுண்டு: ஆளே மாறிவிட்டார். இன்முகம் காட்டியவர் எரிந்து விழுகிறார். பிறர் துயர் கண்டு கலங்கியவர் மரணச் செய்தியைக் கேட்டும் அசையாமல் இருக்கிறார். இதனை அக்லாக்கின் வீழ்ச்சி என்பதா, காயம் என்பதா? நற்குணத்தை ஈமானோடு சேர்த்து எண்ணும் சமுதாயத்திற்கு இது சிறிய கேள்வியன்று.

1974இல் நியூயார்க்கில் இலவச மருத்துவமனையொன்றின் தன்னார்வலர்களிடம் தாம் கண்ட நிலைக்கு ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 'பர்ன் அவுட்' எனப் பெயரிட்டார். தமிழில் 'பணிச்சோர்வு' என்கிறோம். அச்சொல் போதாது, சோர்வு உறங்கி எழுந்தால் நீங்கும், இது நீங்காது. கிறிஸ்டினா மாஸ்லாக் இதில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: உணர்வு வற்றிப்போதல், நோயாளியை மனிதராகக் காணாமல் விலகி நிற்றல், தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணம். குணமாற்றமாக வெளியே தெரிவது பெரும்பாலும் இரண்டாவதே. நோயாளியின் பெயர் மறைந்து கட்டில் எண் மட்டும் எஞ்சுகிறது. இரக்கம் செத்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், தாங்க இயலாத அளவு இரங்கிய உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட திரை அது.

திரை எளிதில் விலகுவதில்லை என்பதை டொராண்டோ காட்டியது. 2003இல் சார்ஸ் நோய் கனடாவில் 44 உயிர்களைப் பறித்தது. நோயுற்றோரில் ஐந்தில் இருவருக்கு மேல் மருத்துவப் பணியாளர்கள். நோய் ஓய்ந்து ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குப் பின்னர், ராபர்ட் மாண்டரும் அவர்தம் குழுவினரும் அந்நகரப் பணியாளர்களை, சார்ஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்காத ஹாமில்டன் நகரப் பணியாளர்களோடு ஒப்பிட்டனர். டொராண்டோவினரிடமே சோர்வும் மன உளைச்சலும் மிகுந்திருந்தன. நோயாளிகளோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டோரும் புகையையும் மதுவையும் கூடுதலாக நாடியோரும் அவர்களிடையே அதிகம்.

கோவிட் காலத்தில் மற்றொன்றும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல், தீவிரச் சிகிச்சை மருத்துவர் சங்கம், படுக்கைகள் போதாதபோது யாரை முதலில் சேர்ப்பது என்பதற்கு வழிகாட்டுதல் வெளியிட நேர்ந்தது. காப்பாற்றியிருக்கக் கூடியவரைக் கைவிட்டோமோ என்னும் வேதனை ஓய்வால் தீர்வதன்று. மனச்சான்றில் பட்ட காயம் என்று அதனைத் தனியே பிரித்துப் பேசுகின்றனர். நம் ஊரும் தன் பங்கைச் செய்தது. 2020 மார்ச்சில் கைதட்டினோம். ஏப்ரலில் சென்னையில் கோவிட்டால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவரே நள்ளிரவில் மண் தள்ளிக் குழியை மூடினார். ஜனாஸாவைச் சமுதாயத்தின் கூட்டுக் கடமையாகக் கொண்ட நமக்கு இதன் கனம் விளங்கும்.

ஆளுமை உண்மையிலேயே மாறுமா? ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஏஞ்சலினா சுட்டின் குழுவினர் 2022இல் வெளியிட்ட முடிவு: 2021–22இல் பழகும் இயல்பும் இணக்கமும் பொறுப்புணர்வும், பத்தாண்டுகளில் நிகழக்கூடிய அளவுக்குச் சரிந்திருந்தன. இவர்கள் பொதுமக்கள்; வார்டுகளில் நின்றவர்கள் அல்லர்.

934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றை உடல்நோய்க்கு நிகராக வைத்து மருத்துவம் கூறினார். முதலுதவி மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், உளநலம் உள்ளபோதே ஆறுதல் தரும் எண்ணங்களைச் சேமிக்கச் சொன்னார். நெடுகத் தொழுதும் நோற்றும் வந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை, உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டெனக் கூறி ஸல்மான் (ரலி) உறங்க வைத்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைச் சரியென ஏற்றதையும் புகாரியில் காண்கிறோம்.

ஆயினும் உறக்கத்திற்கு ஆள் மாற்ற ஆள் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் தொழில்சார் நிகழ்வாகவே வகைப்படுத்தியது. டொராண்டோவில் மீண்டவர்களிடம் காணப்பட்டவையும் அனுபவமும், போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்தன என்னும் நம்பிக்கையுமே.