பாசி உருண்டைக்குள் ஒரு சிப்பி

மீன் தொட்டியில் அழகுக்குப் போடும் பச்சை உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'மாஸ் பால்' என்று விற்கிறார்கள். உண்மையில் அது மாஸ் இல்லை, ஆல்கா. தமிழில் இரண்டுமே பாசிதான், நமக்கு வம்பில்லை.

2021 பிப்ரவரி 25. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செல்லப்பிராணிக் கடை ஊழியர் ஒருவர், அப்படியொரு உருண்டைக்குள் ஸீப்ரா சிப்பி இருந்ததாக யு.எஸ்.ஜி.எஸ். என்ற மத்திய ஆய்வு நிறுவனத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார். அயல் நீர்வாழ் உயிரிகளைப் பதிவதற்கென்றே அவர்களிடம் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்.

ஒரு சிப்பிக்கு இவ்வளவு அமர்க்களமா? கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உயிரி அது. நகம் அளவுதான் இருக்கும். 1988இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். குழாய்களுக்குள் அடை அடையாக ஒட்டிக்கொண்டு குடிநீர் நிலையம், மின்நிலையம் எல்லாவற்றையும் அடைத்துவிடும். குஞ்சு கண்ணுக்கே தெரியாது. அதனால் மேற்கு மாநிலங்களில் சாலையில் படகுகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். இதுவோ கடை அலமாரி வழியாக வந்துகொண்டிருந்தது. உருண்டைகள் உக்ரைனிலிருந்து இறக்குமதி ஆனவை.

டேட்டாபேஸைக் கவனிக்கும் மீன்வள உயிரியலாளர் வெஸ்லி டேனியலுக்கு விஷயம் தெரிந்தது மார்ச் 2 அன்றுதான். இடையில் போன ஐந்து நாள் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். விவரமும் போட்டோவும் கேட்டு வாங்கினார், மாநில அதிகாரிக்குச் சொன்னார். நாட்டின் மறுகோடியில், ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஒரு கடைக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார். அங்கேயும் உருண்டைக்குள் சிப்பி! நம்ம பாஷையில் சொன்னால், பக் ரீப்ரொட்யூஸ் ஆகிவிட்டது. இனி இது ஒரு கடையின் பிரச்சினை இல்லை. ஒரு வாரத்துக்குள் 21 மாநிலங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

'வேலை செய்யல' என்று ஒற்றை வரியில் வரும் டிக்கெட்டுகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுபவன் நான். ஆற்றிலோ தொட்டியிலோ விசித்திரமாக ஏதாவது பார்த்தால் இடம், தேதி, தெளிவான போட்டோ மூன்றும் வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரிந்துவிடும்.

உருண்டை வாங்கியவர்களுக்கு அப்போது சொன்னது இது: 24 மணி நேரம் ஃப்ரீசரில் வை, அல்லது ஒரு நிமிஷமாவது கொதிக்க வை, பிறகு குப்பையில் போடு. கழிப்பறையில் கொட்டி ஃப்ளஷ் பண்ணாதே.