தலைக்கவசம் அசல், சீட்டு போலி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் கொன்ராட் குயாவ் என்றொரு பழம்பொருள் வியாபாரி இருந்தார். அவரிடம் முதல் உலகப்போர்க் காலத் தலைக்கவசம் ஒன்று இருந்தது. சில மார்க்குக்கு மேல் போகாத பொருள். அதோடு அவர் ஒரு சீட்டைச் சேர்த்தார். 1917-ல் ஹிட்லர் இதை அணிந்திருந்தார் என்று, நாஜிக் கட்சியில் அவருடைய துணைத்தலைவரான ரூடால்ஃப் ஹெஸ் கையெழுத்திட்டுச் சொல்வதாக அந்தச் சீட்டு. தலைக்கவசம் அசல்தான். விலையை ஏற்றியது பொய்ச் சீட்டு.

1983-ல் 'ஸ்டெர்ன்' பத்திரிகை 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து வாங்கிய 'ஹிட்லர் நாட்குறிப்புகள்' இதே குயாவ் எழுதியவை. கையெழுத்து வல்லுநர்கள் அவற்றை அசல் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்த மாதிரிகளிலேயே குயாவ் எழுதியவை கலந்திருந்தன! கடைசியில் உண்மையைச் சொன்னவை காகிதமும் நூலும். புற ஊதா விளக்கில் காகிதம் ஒளிர்ந்தது. பைண்டிங்கில் பாலியஸ்டர் இருந்தது. பாலியஸ்டர் 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, போருக்குப் பிறகே விற்பனைக்கு வந்தது.

பழைய ஜெர்மன் ராணுவச் சீருடை வாங்க நினைப்பவர் முதலில் இந்த வழக்கைத்தான் படிக்க வேண்டும். 'எங்கள் தாத்தாவின் பெட்டியில் இருந்தது' என்பது கதை. உறை போட்ட சான்றிதழும் அதை எழுதியவரின் பெயர் அளவுக்கே பெறும். சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலச் சாதாரண வீரரின் மேல்சட்டை உட்துணியில் ஐந்து எண்கள் முத்திரையாக இருக்கும்: கழுத்து, முதுகு நீளம், மார்பு, மொத்த நீளம், கை நீளம். பக்கத்தில் உடைக்கிடங்கைக் குறிக்கும் எழுத்தும் ஆண்டும். முத்திரையிலுள்ள ஆண்டு சட்டையின் வெட்டோடு பொருந்த வேண்டும். 1936 மாதிரிக்குக் கரும்பச்சைக் காலர். 1940 முதல் சட்டையின் சாம்பல் நிறமே காலருக்கும் வந்தது. துணி மிச்சப்படுத்த, போரின் பிற்பாதியில் பாக்கெட்டின் மடிப்பு போயிற்று; கம்பளியில் செயற்கை இழை கூடிற்று; தயாரிப்பாளர் பெயருக்குப் பதில் அரசு கொடுத்த எண் வந்தது. மடிப்பில்லாத பாக்கெட்டும் 38 என்ற ஆண்டு முத்திரையும் ஒரே சட்டையில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பச்சைக் காலர் மட்டும் முந்திய காலத்தைக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். வீரர்கள் தாங்களே தையற்காரரிடம் கொடுத்துக் காலர் மாற்றிக்கொண்டதும் உண்டு.

மன்னராட்சிக் காலத்துக்கு, அதாவது 1918-க்கு முன், வேறு கணக்கு. உடைக்கிடங்கின் முத்திரையோடு படைப்பிரிவின் ரோமன் எண் வரும். தோள்பட்டியில் பெரும்பாலும் ரெஜிமென்ட் எண் இருக்கும். 14-ஆம் படைப்பிரிவு கார்ல்ஸ்ரூவேயைச் சேர்ந்தது. 109-ஆம் ரெஜிமென்ட்டும் அந்த ஊர்தான். அந்த முத்திரையுள்ள சட்டையில் கிழக்கே கோனிக்ஸ்பெர்க் ரெஜிமென்ட்டின் தோள்பட்டி இருந்தால், எப்போது, எதனால் மாறியது என்று விற்பவர் சொல்லியாக வேண்டும்.

ஏமாற்று அதிகம் நடப்பது முழுப் போலிச் சட்டையில் அல்ல. அசல் சட்டையில் வேறு சின்னம் தைப்பதில்தான். சாதாரண காலாட்படைச் சட்டைக்கும் எஸ்.எஸ். அல்லது டாங்கிப் படைச் சட்டைக்கும் விலை வித்தியாசம் பெரிது. அந்த வித்தியாசத்தை ஓர் ஊசி உண்டாக்கிவிடும். தொழிற்சாலையில் மார்பில் வரும் கழுகுச் சின்னத்தை உட்துணி வைக்கும் முன்பே தைத்தார்கள். அந்தத் தையல் உட்துணியைத் துளைத்து வெளிவராது. எண்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்த சின்னத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடித்துணி வெளுக்காமல் இருக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் அது பின்னால் வந்து உட்கார்ந்த சின்னம்.

புற ஊதா விளக்கைப் பலர் தெய்வவாக்காக நம்புகிறார்கள். தையல் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இந்தக் கால டிடர்ஜென்டில் துவைத்த அசல் சட்டையும் ஒளிரும். பழைய நூலால் தைத்த போலி ஒளிராது. உடையவர் சம்மதித்தால் தளர்ந்த நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி, முடி கருகும் வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகி மணியாக உறையும். வாங்கிய பிறகு சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். அழுக்கும் தேய்மானமும் அதன் சாட்சிகள்.

மதிப்பை விற்பவர் கேட்கும் விலையிலிருந்து கணக்கிடாதீர்கள். ஏலத்தில் முடிந்த விலைகளைப் பாருங்கள். அதற்கு மேல் ஏல நிறுவனம் கமிஷன் சேர்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய தொகை என்றால் தொழில் வணிகச் சபை உறுதிமொழி வாங்கி நியமித்த வல்லுநரிடம் ஜெர்மனியில் எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. சட்டையில் வீரரின் பெயர் இருந்தால் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஆனால் மன்னராட்சிக் காலப் பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது குண்டு விழுந்தபோது எரிந்துபோயிற்று. பவேரிய வீரர்களின் பதிவேடுகள் மியூனிக்கில் இருக்கின்றன. ஆகவே பிரஷ்ய வீரர் ஒருவரின் முழு வரலாறு சீட்டோடு வந்தால், அது எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி நாஜி ஸ்வஸ்திகா போன்ற சின்னங்களைப் பொது இடத்தில் காட்டினாலோ பரப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம். ஆய்வு, கல்வி, கலை, வரலாற்றுச் செய்திக்கு விலக்கு உண்டு. வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவது குற்றம். ஆஸ்திரியாவும் பிரான்சும் இதைத் தடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் நாஜிச் சின்னங்களை வியாபாரம் செய்வதும் குற்றம். பார்சலில் அனுப்பும் முன் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் விசாரித்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்? ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு இந்த உரிமை இல்லை. தனியார் விற்றால் 'பொறுப்பில்லை' என்று எழுதிவிடுவார். அப்போதும் 'அசல், 1941' என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தால் ஜெர்மனியில் 'பொறுப்பில்லை' என்ற வாசகத்தின் பின்னால் அவர் ஒளிய முடியாது. அதனால் வாய்ச்சொல்லை ஏற்காமல் ரசீதில் எழுதி வாங்குங்கள். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காவல்துறையில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாகப் பணம் கேட்பவருக்கு அனுப்பாதீர்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு பொருளை மட்டும், அசலாகவே இருந்தாலும், வாங்க வேண்டாம் என்பேன்: மண் ஒட்டிய அடையாள வில்லை. வீரர் இறந்தால் வில்லையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உடலோடு விடுவார்கள்; மறுபாதி அறிக்கையோடு போகும். முழு வில்லை மண்ணோடு விற்பனைக்கு வருகிறது என்றால், பெயர் தெரியாத ஒருவரின் எலும்புகளிலிருந்து யாரோ அதைக் கழற்றியிருக்கக்கூடும். அதன் எண்ணைத் தேடும் பதிவேடுகள் பெர்லினில், கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தோண்டிய இடத்தைச் சொல்லக்கூடியவர் விற்பவர் மட்டுமே. போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் 'ஃபோல்க்ஸ்புண்ட்' அமைப்புக்கு அந்த எண்ணையும் விற்பனை விவரத்தையும் எழுதுங்கள். மகன் எங்கே விழுந்தான் என்று தெரியாமலே போன குடும்பங்கள் ஜெர்மனியில் இன்னும் உண்டு.